மேம்பாலம் ஏறும்போது என்ஜின் திணறுவது ஏன்?

தில்லியில் கார் வைத்திருக்கும் நம்மவர்கள் பலருக்கும் பழக்கமான தொல்லை இது. காலையில் சாவியைத் திருகியதும் வண்டி கிளம்பிவிடும். காலனிக்குள் மெதுவாகப் போகும்வரை ஒரு குறையும் தெரியாது. ரிங் ரோட்டுக்கு வந்து, வீட்டார் அனைவரும் உட்கார்ந்திருக்க, ஏ.சி.யும் ஓட, மேம்பாலத்தில் ஏறத் தொடங்கியதும் என்ஜின் திணறும். வண்டி குலுங்கும். ஆக்சிலேட்டரை இன்னும் மிதித்தால் வேகம் கூடுவதற்குப் பதிலாகச் சைலன்சரிலிருந்து 'பட், பட்' என்று ஓலை வெடி போலச் சத்தம் வரும். பின்னால் வரும் பஸ் விடாமல் ஹாரன் அடிக்கும்.

வண்டியை மெக்கானிக்கிடம் கொண்டு போகிறோம். அவர் நிறுத்திய இடத்திலேயே ஆக்சிலேட்டரை அழுத்திப் பார்க்கிறார். என்ஜின் அருமையாக ஓடுகிறது. "கச்ரா ஆ கயா" என்று சொல்லி எதையோ கழற்றிச் சுத்தம் செய்கிறார். அடுத்த வாரம் பிளக் மாற்றுகிறார், அதற்கடுத்த வாரம் காயில், பிறகு பெட்ரோல் பம்ப். பணம் கரைந்த பின்பும் அதே மேம்பாலத்தில் அதே திணறல் தொடர்கிறது.

வாசகர்களை மெக்கானிக் ஆக்குவது இக்கட்டுரையின் நோக்கமல்ல. குறை எங்கே இருக்கக்கூடும், எதை முதலில் பார்க்க வேண்டும், எதை நாமே சோதிக்கலாம், மெக்கானிக்கிடம் என்ன கேட்க வேண்டும் என்பவை தெரிந்திருந்தால் வீண் செலவும் நடுவழியில் நிற்கும் ஆபத்தும் குறையும்.

பளு ஏறினால் என்ன மாறுகிறது?

பெட்ரோல் என்ஜினுக்கு வேண்டியவை நான்கு: சரியான அளவு காற்றும் பெட்ரோலும் கலந்த கலவை, அதை நன்றாக அழுத்தும் சிலிண்டர், பலமான தீப்பொறி, அந்தப் பொறி விழவேண்டிய சரியான நேரம். இவற்றில் ஒன்று குறைந்தாலும் என்ஜின் தடுமாறும்.

நின்ற இடத்தில் என்ஜின் ஓடும்போது அது கேட்பது மிகக் குறைவு. சிலிண்டருக்குள் போகும் காற்று கொஞ்சம், அதற்கேற்ற பெட்ரோல் கொஞ்சம். மேம்பாலத்தில் ஆக்சிலேட்டரை மிதித்தவுடன் நிலைமை மாறுகிறது. சிலிண்டரில் காற்று நிறைந்து அழுத்தம் கூடுகிறது. அழுத்தம் கூடிய காற்றைத் தாண்டிப் பொறி குதிப்பது கடினம். அதற்கு அதிக வோல்ட் வேண்டும். தேய்ந்த பிளக்கோ விரிசல் விட்ட காயிலோ சும்மா நிற்கும்போது சமாளித்துவிடும், ஏற்றத்தில் கைவிட்டுவிடும். பெட்ரோலுக்கும் இதே கதைதான். பாதி அடைத்த ஃபில்டர் வழியாகச் சாதாரண ஓட்டத்துக்குப் போதிய பெட்ரோல் வரும். முழு வேகத்துக்கு வராது.

நேரக் கணக்கையும் பாருங்கள். என்ஜின் நிமிடத்துக்கு 3,000 சுற்று ஓடும்போது ஒவ்வொரு சிலிண்டரும் விநாடிக்கு 25 முறை எரிய வேண்டும். நான்கு சிலிண்டர் வண்டியில் இது விநாடிக்கு 100. இதில் சில தவறினாலே குலுங்கல் தெரியும்.

ஆகவே நின்ற இடத்தில் ஆக்சிலேட்டரை அழுத்திப் பார்ப்பது போதுமான சோதனை ஆகாது. மெக்கானிக்கைப் பக்கத்தில் உட்கார வைத்து அதே ஏற்றத்துக்கு அழைத்துப் போவதே முதல் வேலை.

வெடி எங்கிருந்து வருகிறது?

வெடிச் சத்தத்தில் இரண்டு வகை உண்டு. இரண்டையும் பிரித்தறிந்தால் பாதி நோய் தெரிந்துவிடும்.

முதல் வகை சைலன்சர் வழியாக வருவது. சிலிண்டரில் பொறி விழாமல் போனால் எரியாத கலவை அப்படியே வெளியேறிச் சூடான புகைக் குழாயில் தீப்பற்றுகிறது. பொறி தாமதமாக விழுந்தாலோ, புகை வெளியேறும் வால்வு சரியாக மூடாவிட்டாலோ இதே விளைவு ஏற்படும்.

இரண்டாவது வகை முன்பக்கத்தில், ஏர் ஃபில்டர் பெட்டிக்குள் கேட்பது. கலவையில் பெட்ரோல் குறைந்து காற்று மிகுந்தால் அது மெதுவாக எரியும். அடுத்த முறை காற்று வரும் வால்வு திறக்கும்போதும் நெருப்பு அணையாமல் இருந்தால் அது உள்ளே வரும் கலவையைப் பற்றவைத்துப் பின்னோக்கி வெடிக்கும். வால்வு கசிந்தாலும், பொறி நேரம் தவறினாலும் இப்படி ஆகலாம்.

சுருக்கமாக: பின்னால் வெடித்தால் முதலில் பொறியைச் சந்தேகியுங்கள். முன்னால் வெடித்தால் பெட்ரோல் பற்றாக்குறையையும் காற்றுக் கசிவையும் சந்தேகியுங்கள். விதிவிலக்குகள் உண்டு, ஆனாலும் தேடலைத் தொடங்க இது நல்ல வழி.

இன்னொரு குறிப்பும் உதவும். பொறிக் கோளாறு திடீரென்று, கூர்மையாக, சுண்டி இழுப்பது போல இருக்கும். பெட்ரோல் பற்றாக்குறையில் சக்தி மெல்ல வடிந்து, காலை எடுத்தால் சற்று நேரத்தில் மீண்டும் வரும்.

சோதிக்கும் வரிசை

விலை குறைந்ததையும் எளிதானதையும் முதலில் பாருங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். மூன்று பாகங்களை ஒரே நாளில் மாற்றினால், குறை தீர்ந்தாலும் எதனால் தீர்ந்தது என்று தெரியாது. தீராவிட்டால் செலவு மூன்று மடங்கு.

1. எழுதி வையுங்கள். திணறல் குளிர்ந்த என்ஜினிலா, சூடேறிய பிறகா? மழை நாளிலா? பெட்ரோல் போட்ட அன்றே தொடங்கியதா? டாங்க் காலியாகும் போதா? எந்த கியரில், எந்த வேகத்தில்? சர்வீஸ் முடிந்து வந்த நாளிலிருந்தே என்றால் புதிய பாகங்களைத் தேடவேண்டாம். பழைய வண்டிகளில் பிளக் வயர்கள் இடம் மாறியிருக்கலாம், புதிய வண்டிகளில் ஏதாவது ரப்பர் குழாயோ மின் இணைப்போ சரியாகப் பொருந்தாமல் இருக்கலாம்.

2. என்ஜின் விளக்கைப் பாருங்கள். டாஷ்போர்டில் மஞ்சள் என்ஜின் விளக்கு எரிந்தால் வண்டியின் கம்ப்யூட்டர் குறையைக் குறித்து வைத்திருக்கிறது என்று பொருள். அதைப் படிக்கும் சிறு கருவி இன்று பெரும்பாலான பட்டறைகளில் உண்டு. பி 0301 என்றால் முதல் சிலிண்டர் எரியத் தவறுகிறது, பி 0302 என்றால் இரண்டாவது. பி 0300 என்றால் பல சிலிண்டர்கள் மாறி மாறித் தவறுகின்றன. பி 0171 கலவையில் பெட்ரோல் குறைவு என்பதைச் சொல்கிறது. எண் எந்தப் பாகத்தை மாற்ற வேண்டும் என்று சொல்வதில்லை. எங்கே தேட வேண்டும் என்று மட்டுமே சொல்லும். எண்களைக் குறித்துக்கொள்ளாமல் அழிக்க விடாதீர்கள்.

3. பிளக்கைப் பாருங்கள். கழற்றிய பிளக்குகளைச் சிலிண்டர் வரிசைப்படி அடுக்கச் சொல்லுங்கள். முனை வெளிர் பழுப்பாகவோ சாம்பல் நிறமாகவோ இருந்தால் ஆரோக்கியம். கரிபோலக் கறுத்து உலர்ந்திருந்தால் பெட்ரோல் அதிகம். ஈரமாக இருந்தால் அந்தச் சிலிண்டரில் பொறி விழவில்லை. வெளுத்துக் கொப்புளித்திருந்தால் கலவையில் பெட்ரோல் குறைவு அல்லது மிகை வெப்பம். முனைகளின் இடைவெளியைக் கைப்புத்தகத்தில் கொடுத்த அளவோடு ஒப்பிடுங்கள். தேயத் தேய இடைவெளி அகலும்; அகல அகலப் பொறிக்கு அதிக வோல்ட் வேண்டும்.

4. காயிலும் வயரும். ஒவ்வொரு பிளக்கின் மீதும் ஒரு காயில் உள்ள வண்டிகளில் செலவில்லாத சோதனை ஒன்று உண்டு. பி 0302 வந்தால் இரண்டாவது காயிலை மூன்றாவதற்கும், மூன்றாவதை இரண்டாவதற்கும் மாற்றுங்கள். பழைய எண்ணை அழித்துவிட்டு ஏற்றத்தில் ஓட்டுங்கள். எண் பி 0303 ஆக மாறினால் காயில்தான் குற்றவாளி. மாறாவிட்டால் காயில் நிரபராதி. பிளக் வயர் உள்ள பழைய வண்டிகளில், இருட்டில் என்ஜினை ஓட விட்டு பானெட்டைத் திறந்து பார்த்தால் கசியும் இடத்தில் நீலப் பொறிகள் தெரியும். பார்வையோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ஓடும் என்ஜினில் வயரைக் கையால் தொடுவதும் பிடுங்குவதும் ஆபத்து.

5. காற்று வழி. மே, ஜூன் மாதங்களில் தில்லியில் அடிக்கும் ஆந்திப் புழுதி ஏர் ஃபில்டரைச் சீக்கிரம் அடைத்துவிடும். ஃபில்டருக்கும் என்ஜினுக்கும் நடுவே உள்ள ரப்பர் குழாய்களில் வெடிப்பு இருக்கிறதா என்றும் வளைத்துப் பாருங்கள். கம்ப்யூட்டர் அளக்காத காற்று அங்கே நுழைந்தால் கலவை கெடும்.

6. பெட்ரோல் வழி. ஃபில்டர் கடைசியாக எப்போது மாற்றப்பட்டது? இன்ஜெக்‌ஷன் வண்டிகள் பலவற்றில் பம்பின் அழுத்தம் ஏறக்குறைய 3 பார். உங்கள் வண்டிக்கான அளவு அதன் சர்வீஸ் புத்தகத்தில் இருக்கும். நின்ற இடத்தில் அழுத்தம் சரியாக இருந்து ஏற்றத்தில் விழுகிறதா என்பதே கேள்வி. டாங்கில் உள்ள பெட்ரோல்தான் பம்பைக் குளிர வைக்கிறது. முள் எப்போதும் சிவப்புக் கோட்டில் இருக்கும்படி ஓட்டுவோர் பம்பின் ஆயுளைக் குறைக்கிறார்கள். டாங்க் மூடியைத் திறந்ததும் 'உஸ்' என்று காற்று உள்ளே இழுக்கப்பட்டு, அதன் பின் வண்டி சற்று நேரம் ஒழுங்காக ஓடினால் டாங்கின் காற்று வழி அடைத்திருக்கலாம்.

7. அழுத்தமும் நேரமும். மேலே உள்ள எல்லாம் சரி என்றால் கம்ப்ரஷன் அளக்கச் சொல்லுங்கள். ஒரு சிலிண்டரில் மட்டும் குறைந்தால் வால்வு அல்லது பிஸ்டன் ரிங். எல்லாவற்றிலும் குறைந்தால் டைமிங் பெல்ட் அல்லது செயின் பல் தாண்டியிருக்கலாம்.

8. அடைத்த புகைக் குழாய். கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் உருகி அடைத்துக்கொண்டால் என்ஜினால் மூச்சு விட முடியாது. மெதுவாகப் போகும், வேகம் எடுக்காது. இதைக் கடைசியில் பார்த்தால் போதும். ஆனால் கன்வெர்ட்டரை மாற்றுவதற்கு முன் அதைக் கெடுத்த மூல நோயைத் தீர்க்காவிட்டால் புதியதும் அதே கதியை அடையும்.

தில்லி வண்டிகளின் தனிக்கதை

வேறு ஊர்களைவிடத் தில்லியில் வண்டிகளின் எரிபொருள் அடிக்கடி மாறியிருக்கிறது. ஒவ்வொரு மாற்றமும் இந்தத் திணறலுக்குப் புதிய காரணங்களைக் கொண்டுவந்தது.

1995 ஏப்ரலிலிருந்து தில்லி உள்ளிட்ட நான்கு பெருநகரங்களில் புதிய பெட்ரோல் கார்களுக்குக் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் கட்டாயமாயிற்று. அதற்கு ஈயம் விஷம் என்பதால் ஈயமற்ற பெட்ரோலும் வந்தது. 1998 செப்டம்பரில் தில்லியில் ஈயம் கலந்த பெட்ரோல் விற்பனையே நின்றது. நகரத்துக் குழந்தைகளின் உடல்நலத்துக்கு அது பெரிய நன்மை. பழைய அம்பாசடர், பத்மினி போன்ற வண்டிகளில் மட்டும் ஒரு பக்க விளைவு ஏற்படக்கூடியதாக இருந்தது. பெட்ரோலில் இருந்த ஈயம் வால்வு உட்காரும் வளையத்தைத் தேயாமல் காத்து வந்தது. அது போனபின் மென்மையான வளையங்கள் தேய்ந்து, வால்வு இடைவெளி குறைந்து, வால்வு முழுதாக மூடாமல் போகலாம். மூடாத வால்வு பளுவில் வெடிக்கும்.

1998 ஜூலை 28 அன்று உச்ச நீதிமன்றம் தில்லியின் நகரப் பேருந்துகள் அனைத்தும் சி.என்.ஜி.க்கு மாற வேண்டும் என்று கெடு விதித்தது. ஆட்டோக்களும் டாக்சிகளும் தொடர்ந்தன. விலை குறைவு என்பதால் சொந்தக் கார்க்காரர்களும் கிட் பொருத்திக்கொண்டார்கள். பின்னர் தொழிற்சாலையிலேயே சி.என்.ஜி. பொருத்திய கார்களும் வந்தன.

காஸில் ஓடும் கார் பளுவில் வெடிப்பதற்குத் தனிக் காரணம் உண்டு. காஸ் கலவையைப் பற்றவைக்கப் பெட்ரோலைவிட அதிக வோல்ட் வேண்டும். ஆகவே பெட்ரோலில் குறையின்றி ஓடும் வண்டி காஸில் திணறலாம். "பெட்ரோலில் சரியாக ஓடுகிறது, அதனால் காஸ் கிட்டில்தான் கோளாறு" என்று முடிவு கட்டிவிடாதீர்கள். பலவீனமான பொறியைப் பெட்ரோல் மறைத்துவிடும், காஸ் காட்டிக்கொடுத்துவிடும். முதலில் பிளக்கும் காயிலும், பிறகு காஸ் ஃபில்டரும் ரெகுலேட்டரும் என்பதே வரிசை.

பழைய மிக்ஸர் வகைக் கிட்களில் காற்று வழி முழுவதும் காஸ் கலவை நிறைந்திருக்கும். முன்பக்கம் ஒரு வெடி வெடித்தால் ஏர் ஃபில்டர் பெட்டியே பிளந்துபோகலாம். ஒவ்வொரு சிலிண்டரின் வால்வருகே காஸைச் செலுத்தும் புதிய வகையில் அந்த ஆபத்து குறைவு. சிலிண்டரில் காஸ் சுமார் 200 பார் அழுத்தத்தில் அடைக்கப்படுகிறது. அந்தக் குழாய்களில் நாம் கை வைக்கக் கூடாது; அனுமதி பெற்ற பட்டறைதான் தொட வேண்டும். மூன்று ஆண்டுக்கு ஒருமுறை செய்யவேண்டிய சிலிண்டர் அழுத்தச் சோதனையையும் தள்ளிப்போடாதீர்கள்.

அண்மைய மாற்றம் எத்தனால். 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல் 2023 பிப்ரவரியில் அறிமுகமாகி 2025-க்குள் நாடெங்கும் பரவியது. கணக்கு இதுதான்: ஒரு கிலோ பெட்ரோல் முழுதாக எரிய 14.7 கிலோ காற்று வேண்டும். ஒரு கிலோ எத்தனாலுக்கு 9 கிலோ போதும். இருபது விழுக்காடு கலவைக்கு ஏறக்குறைய 13.5 கிலோ. அதாவது பழைய அளவில் ஜெட் வைத்த கார்புரேட்டருக்குக் கலவை சுமார் 8 விழுக்காடு வறண்டுவிடுகிறது. ஆக்சிஜன் சென்சார் உள்ள இன்ஜெக்‌ஷன் வண்டி பெட்ரோலைக் கூட்டிச் சரிசெய்துகொள்ளும். கார்புரேட்டரால் அது முடியாது.

தில்லியில் 15 ஆண்டு கடந்த பெட்ரோல் வண்டிகளுக்கு எதிராகப் பசுமைத் தீர்ப்பாயம் 2014-லும் உச்ச நீதிமன்றம் 2018-லும் பிறப்பித்த ஆணைகளால் கார்புரேட்டர் கார்கள் இங்கே அரிதாகிவிட்டன. ஆனால் ஊரில் அப்பா ஆசையாக வைத்திருக்கும் மாருதி 800-க்கும் அம்பாசடருக்கும் இக்கணக்கு பொருந்தும். எத்தனால் பழைய டாங்கின் அடியில் படிந்த அழுக்கைக் கிளறிவிடும், ஈரத்தையும் உறிஞ்சும். நாள்கணக்கில் ஓடாமல் நின்ற வண்டியில் திணறல் தொடங்கினால் ஃபில்டரை முதலில் பாருங்கள்.

கோடை விடுமுறையில் சிம்லா, முசௌரி போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. 2,000 மீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைந்துவிடும். எந்த வண்டியும் அங்கே சற்றுச் சோர்வாகத்தான் இழுக்கும். அது நோயல்ல. குலுங்கலும் வெடியும் சேர்ந்தால்தான் நோய்.

ஓர் உதாரணம்

எட்டு வயதான ஒரு கார், சி.என்.ஜி.யிலும் பெட்ரோலிலும் ஓடுவது. காஸில் மேம்பாலம் ஏறும்போது மட்டும் சுண்டி இழுக்கிறது; சைலன்சரில் வெடி. பெட்ரோலுக்கு மாற்றினால் தெரிவதில்லை. கருவியில் பி 0302. கூர்மையான இழுப்பு, பின்பக்க வெடி, ஒரே சிலிண்டர்: மூன்றும் பொறியையே காட்டுகின்றன. இரண்டாவது, மூன்றாவது காயில்களை இடம் மாற்றி ஓட்டினால் எண் மாறவில்லை. அடுத்து அவ்விரு பிளக்குகளை மட்டும் இடம் மாற்றினால் எண் பி 0303 ஆகிறது. பிளக்கை அளந்தால் இடைவெளி அகன்றிருக்கிறது. ஒரு செட் பிளக்கோடு வேலை முடிந்தது. காஸ் கிட்டையே மாற்றியிருந்தால் பல ஆயிரம் போயிருக்கும். பிளக்கை மாற்றிய பிறகும் எண் அங்கேயே நின்றிருந்தால் அடுத்தது இன்ஜெக்டர், அதற்கடுத்தது கம்ப்ரஷன்.

எப்போது ஓட்டுவதை நிறுத்த வேண்டும்?

என்ஜின் விளக்கு விட்டு விட்டு மின்னினால் எரியாத பெட்ரோல் கன்வெர்ட்டரில் போய் எரிகிறது என்று பொருள். வெப்பம் 1,000 டிகிரியையும் தாண்டி அது உருகிவிடலாம். வேகத்தைக் குறைத்து, கிடைத்த முதல் பாதுகாப்பான இடத்தில் நிறுத்துங்கள். உலர்ந்த புல்லின் மீதோ சருகுக் குவியல் மீதோ நிறுத்தாதீர்கள். சூடான கன்வெர்ட்டர் அதைப் பற்றவைக்கக்கூடும். பெட்ரோல் அல்லது காஸ் வாடை வந்தால் என்ஜினை அணைத்து, அனைவரும் இறங்கி விலகி நிற்க வேண்டும். ஓரமே இல்லாத மேம்பாலத்தில் வண்டி நின்றுவிட்டால் நான்கு விளக்கையும் மின்ன விட்டு, குழந்தைகளையும் பெரியவர்களையும் முதலில் தடுப்புச் சுவர் ஓரம் சேருங்கள். வண்டியை அதற்குப் பிறகு பார்க்கலாம்.

மெக்கானிக்கிடம் சொல்ல

இந்தி சரளமாக வராத அன்பர்களும், புதிதாக மாற்றலாகி வந்தவர்களும் இப்பகுதியைக் கத்தரித்து டாஷ்போர்டு அறையில் வைத்துக்கொள்ளலாம்.

மிஸ்ஸிங்: சிலிண்டர் எரியத் தவறுவது.
பிக்-அப் நஹீ ஹை: வேகம் எடுக்கவில்லை.
ஜட்கா: குலுங்கல், சுண்டி இழுப்பு.
பட்டாகா: வெடி.
கரண்ட்: பிளக்குக்கு வரும் மின்பொறி.
கச்ரா: அழுக்கு.

"கடீ காடீ டீக் சல்தீ ஹை, சடாயீ பர் மிஸ்ஸிங் கர்தீ ஹை." நின்ற வண்டி நன்றாக ஓடுகிறது, ஏற்றத்தில்தான் தவறுகிறது.

"பஹலே சலாகர் தேக் லீஜியே." முதலில் ஓட்டிப் பாருங்கள்.

"புரானா பார்ட் வாபஸ் தீஜியே." பழைய பாகத்தைத் திருப்பிக் கொடுங்கள்.

காஷ்மீரி கேட்டிலோ கரோல்பாகிலோ நீங்களே பாகம் வாங்கினால் பில் கேட்டு வாங்குங்கள், பாகத்தின் எண்ணைப் பழையதோடு ஒப்பிடுங்கள். கடைசியாக, பழுது தீர்ந்தது என்று பணம் கொடுக்கும் முன், திணறிய அதே ஏற்றத்தில், அதே கியரில், ஏ.சி.யைப் போட்டு, மெக்கானிக்கையும் உட்கார வைத்து ஒருமுறை ஏறிப் பாருங்கள்.